டுட்டுயிலா என்றே சொல்வேன்

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்ட இரண்டுக்கும் என் பதில், முடியாது. அதை அப்போதே சொல்லியிருப்பேன். சினா உன் பக்கத்தில் எங்கேயோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் மாமியார் குரல் உயர்வது தெரியாமல் இருக்குமா? அதனால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பாதியிலேயே "அம்மா, வாய்ஸ் மெசேஜா அனுப்பிடுங்கம்மா" என்பாய். அனுப்ப மாட்டேன். உட்கார்ந்து படி. இதைக் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போடப்போகிறேன். விஷ்ராந்த்வாடியில் இருக்கிற உன் அத்தையும் படிக்கட்டும், கோயமுத்தூரில் இருக்கிற அத்தனை பேரும் படிக்கட்டும். நீ என்னை மறைக்கச் சொன்ன விஷயத்தை நான் மறைத்து வைத்துப் பேசுவதாக இல்லை.

நீ என்ன கேட்டாய் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அடுத்த மாதம் இங்கே சிஞ்ச்வட்டில் உங்கள் இருவருக்கும் ரிசப்ஷன். வருகிறவர்களிடம், பையன் அமெரிக்காவில் இருக்கிறான், மருமகள் அமெரிக்கப் பெண் என்று மட்டும் சொன்னால் போதும், டுட்டுயிலா தீவு, கிராமம் என்று இழுக்க வேண்டாம் என்றாய். இது ஒன்று. சினா வீட்டார் நமக்குக் கொடுத்த பாயை மேடைக்குக் கொண்டு வர வேண்டாம், அது பீரோவிலேயே இருக்கட்டும் என்றாய். அது இரண்டு. "எதுக்கும்மா வீணா ஒரு சீன்?" என்று கேட்டாய். சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். உன் கல்யாணத்துக்கு நாங்கள் கிளம்பியபோது, அமெரிக்க விசா கையில் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று அப்பா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அது மட்டும் போதாது, அமெரிக்கன் சமோவா தீவு அரசாங்கம் தனியாக அனுமதி தர வேண்டும், சினா வீட்டார் எங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அங்கே பறக்கிற கொடி அமெரிக்கக் கொடி, கடையில் நீட்டுவது டாலர், சினாவின் அண்ணன் இருப்பது அமெரிக்கப் பட்டாளத்தில். எல்லாம் சரி. ஆனால் அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு, அந்தப் பிறப்பால் மட்டும் அமெரிக்கக் குடியுரிமை கிடைப்பதில்லை. அமெரிக்க நாட்டவர் என்று பெயர் உண்டு, ஆனால் குடிமக்கள் இல்லை. பிள்ளையைப் போருக்கு அனுப்பலாம், ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. இது உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று சினாவின் அம்மாவிடம் என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். வேண்டும் என்கிறவர்களும் உண்டு, வேண்டாம் என்கிறவர்களும் உண்டு என்றார். முழுசாக அமெரிக்கா ஆகிவிட்டால் அவர்கள் சட்டம் முழுசாக வந்துவிடும், நாளைக்கு யாரோ ஒருவன் பணத்தோடு வந்து நிலத்தை வாங்கிக்கொண்டு போவான் என்ற பயம் அவருக்கு. அந்த ஜனங்களே தங்களை அமெரிக்கா என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு யோசிக்கிறார்கள். நீ ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய்.

அந்த நில விஷயத்தை உன் அத்தைக்கும் சொல்ல வேண்டும், அவள்தான் "பொண்ணு பேர்ல எத்தனை ஏக்கரா இருக்குதாமா?" என்று கேட்டவள். பெண் பெயரில் ஒரு அடி கூட இல்லை. யார் பெயரிலும் பெரும்பாலும் இல்லை. நிலம் குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பம் என்றால் நம்மைப் போல மூன்று பேர், ஒரு ஃபிளாட், ஒரு பார்க்கிங் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஒரு குடும்பம் என்றால் கிராமத்தில் பாதி. அவர்கள் கூடிப் பேசி ஒருவருக்குப் பட்டம் கட்டுவார்கள். மதாய் என்று பெயர். யார் எங்கே வீடு கட்டலாம், எந்தக் காரியத்துக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சினாவின் பெரிய மாமா அவர்கள் வீட்டு மதாய். உனக்கும் சினாவுக்கும் வீடு கட்ட அவர்தான் கடலைப் பார்த்த ஒரு மேட்டைக் காட்டினார். இந்த ஹவுசிங் சோசைட்டியில் முப்பது வருஷம் மெயின்டெனன்ஸ் கட்டியும், மாடியில் வடகம் காயவைக்க நான் செக்ரட்டரியிடம் பர்மிஷன் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு அயலூர்ப் பையனுக்கு, ஒரு பைசா வாங்காமல், இங்கே இருந்துகொள் என்றார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லத்தான் உனக்கு வாய் கூசுகிறது.

நான் ஒன்றும் அதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அந்தத் தீவில் பாங்கோ பாங்கோ துறைமுகத்துப் பக்கம் போனதும் மீன் தொழிற்சாலை வாடை மூக்கைத் துளைத்தது. அப்பா கைக்குட்டையை எடுத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை லேபில் வேலை செய்த காலமெல்லாம் அந்தப் புளித்த வாடையை முழங்கையில் தேய்த்துக் கழுவிவிட்டு உனக்குச் சோறு பிசைந்தவள் நான். வேலை நடக்கிற ஊரில் வாடை அடிக்கத்தான் செய்யும். அந்த மீன் தொழிற்சாலையின் குளிர்சாதன மிஷினைப் பொருத்தத்தான் சிஞ்ச்வட்டிலிருந்து உன்னை அனுப்பினார்கள், அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருந்த சினாவைப் பார்த்தாய், திரும்பி வரவில்லை. தெருவில் நாய்கள் அதிகம். டப்பாக் கறியைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நம்மைப் போலவே சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொள்கிறார்கள். வாலிபப் பிள்ளைகள் வேலை தேடி ஹவாய்க்கும் அதைத் தாண்டியும் போய்விடுகிறார்கள், திரும்புவதில்லை என்று சினாவின் அம்மா அழுதார். குறை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்.

ஆனால் அங்கே நான் பார்த்த சிலதை மறக்க முடியவில்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு, மரப் பெட்டி வைத்துக் கட்டி, சத்தமாகப் பாட்டுப் போட்டு ஓடுகிற அவர்கள் ஊர் பஸ்ஸில் வந்து, கூரையைத் தட்டி நிறுத்தி இறங்கினேன். வீட்டுக்கு நடக்கும்போது எங்கேயோ டங் டங் என்று சத்தம். மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய கேஸ் சிலிண்டரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், தெருவே அடங்கிவிட்டது. வேட்டி போல இடுப்பில் துணி சுற்றிய வாலிபர்கள் ரோட்டோரம் வரிசையாக வந்து நின்றார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்குள் போகச் சொன்னார். அது சாயங்கால ஜெப நேரமாம், முடிகிறவரை யாரும் ரோட்டில் நடக்கக் கூடாதாம். யார் வீடு என்றே தெரியாது. சுவரில்லாத வீடு, தூண்களும் கூரையும் மட்டும். உள்ளே ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். முடிந்ததும் ஒரு தட்டு நீட்டினார். சேம்பு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிச் சுட்டது. நம் பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா செய்கிற அளுவடி என்ற சேம்பிலைப் பலகாரத்துக்கு அக்கா மாதிரி இருந்தது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள். இவர்களைத்தான் உன் அத்தை "காட்டு சனம்" என்றாள், நீ அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாய்.

இப்போது பாய்க்கு வருகிறேன். கல்யாணத்தன்று ஊரே வெள்ளை உடையில் சர்ச்சுக்கு வந்திருந்தது, நான் மட்டும் மாம்பழக் கலர் பட்டு. அதற்கப்புறம் மண்டபத்தில் சினா வீட்டுப் பெண்கள் மடித்து வைத்த ஒன்றை எடுத்துப் பிரித்தார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டே கூட்டத்துக்கு முன்னால் நடந்தார்கள். ஓரத்தில் சிவப்பு இறகு. எல்லோரும் ஒரே குரலாக வாழ்த்திச் சத்தம் போட்டார்கள். நான் பட்டு என்றுதான் நினைத்தேன், கையில் வாங்கியபோதுதான் அது ஓலை என்று தெரிந்தது. தாழை ஓலையை நூல் மாதிரிக் கிழித்து, வருஷக்கணக்கில் கையாலேயே பின்னியது. ஒரு பெரியவர் கோலை ஊன்றி நின்றுகொண்டு நீளமாகப் பேசினார். நீதான் கண்ணு என் காதோரம் குனிந்து சொன்னாய்: "அம்மா, இது யார் யார் வீட்டுக்குப் போச்சுன்னு சொல்றாரு. ஒரு சாவுக்குப் போயிருக்கு, ஒருத்தருக்குப் பட்டம் கட்டினப்ப திரும்பி வந்திருக்கு. இப்ப நம்ம வீட்டுக்கு வருது. காசு குடுத்தெல்லாம் இதுக்கு விலை சொல்ல முடியாதும்மா." அன்றைக்கு உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நாங்கள் ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். சோஃபாவில் இடம் பத்தவில்லை என்று உன் அத்தை பீரோவுக்கு மேலே இருந்த அந்தப் பாயை எடுத்து ஹாலில் விரித்துவிட்டாள். அவளை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டில் பெண் வீட்டுச் சீரில் வந்த பாய் என்றால் விரித்து உட்காரத்தான். நான் தட்டோடு வெளியே வந்தபோது ஆறேழு பேர் அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்னி சிந்தியிருந்தது. அதே நேரம் அப்பா கையில் போன், போனில் நீ, உனக்குப் பின்னால் சினா.

"நங்கையா, அதுல உக்காரக் கூடாதுங்க, எந்திரிங்க" என்று உன் அத்தையிடம் சொன்னேன்.

"பாயின்னா உக்காரத்தான அம்மிணி? பீரோவுல வெச்சு சூடம் காட்டறதுக்கா?" என்றாள் உன் அத்தை. பிறகு போனைப் பார்த்து, "ஏன் கண்ணு, உன்ற மாமியார் வீட்டுல ஒரு பவுன் போடாம ஒரு பாயைச் சுருட்டிக் குடுத்துட்டாங்களாமா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ஆமாங்க அத்தை, பாய்தான்" என்றாய். அத்தை பேசியது சினாவுக்குப் புரியவில்லை. ஆனால் பாய் தரையில் கிடப்பதும், அதன் மேல் ஆட்கள் இருப்பதும், நீ சிரிப்பதும் தெரிந்தது. அவள் எழுந்து போனதை நான் பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. உன்னைப் பெற்றதற்காக அந்த ஒரு நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

இந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஸ்கூல் வாசலில் மற்ற பிள்ளைகள் உன்னை மதராசி, மதராசி என்று கேலி பண்ணினார்கள். ஒரு நாள் நான் கூப்பிட வந்தபோது கிட்ட வந்து, "அம்மா, இங்க தமிழ்ல பேசாதீங்க. ஹிந்தில பேசுங்க, இல்லைன்னா பேசாம வாங்க" என்றாய். மறுநாள் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கேட்டுக்கு வெளியே நின்று, "கண்ணு, வா சாமி, போலாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போ என்று இருந்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. நாம் இந்த ஊருக்கு வந்தவர்கள், நம் பாஷையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள், அந்தச் சிரிப்பு எப்படிக் குத்தும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்தும் நீ அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சினாவைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று நேற்று சொன்னாய். "அவளை யாரும் கேலி பண்ணக் கூடாதுன்னுதாம்மா." இல்லை கண்ணு. கேலி பண்ணுகிறவர்களை வாயை மூடச் சொன்னால் அது காப்பாற்றுவது. அவளுடைய ஊரையும் அவள் வீட்டுச் சீரையும் பீரோவில் வைத்துப் பூட்டுவது உன்னைக் காப்பாற்றிக்கொள்வது. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, "அம்மா எந்த ஊர்?" என்று கேட்டால் அதற்கும் அமெரிக்கா என்றுதான் சொல்லப்போகிறாயா? பத்திரிகையை நான் நேற்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். டுட்டுயிலா தீவு, அமெரிக்கன் சமோவா என்று தமிழிலும் மராட்டியிலும் இங்கிலீஷிலும் போட்டிருக்கிறது. அவள் கிராமத்தின் பெயர் இருக்கிறது, அவள் மாமாவின் பட்டப்பெயர் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் இட்லி சாப்பிடும்போது அங்கே இன்னும் சனிக்கிழமை, அவ்வளவு தூரம் என்று சொல்வேன். அதற்கு மேலும் கேட்டால் உட்கார வைத்து மேப்பைக் காட்டுவேன்.

ஆனால் பத்திரிகை அடித்தால் மட்டும் நடந்தது சரியாகிவிடாது. சினாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அத்தை" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் தமிழில் நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். அவர்கள் சொந்தத்தில் ஒரு பையன் வண்டியை ஓட்டிப் போய் வேறு குடும்பத்து ஆள் ஒருவரை இடித்துவிட்டான், அவர் பிழைக்கவில்லை. விடிந்தபோது இவர்கள் குடும்பமே அந்த வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தது. அந்த மதாய் மாமா முன்னால் உட்கார்ந்து, இப்படிப்பட்ட ஒரு பாயைத் தலைமேல் போட்டு மூடிக்கொண்டு குனிந்திருந்தார். வண்டியை ஓட்டியது அவரில்லை. குடும்பத்தில் ஒருவன் செய்தது குடும்பமே செய்தது. வெயில் ஏறியது, மழை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பாயைத் தூக்கி, உள்ளே வாருங்கள் என்றார்கள். தூக்காமலும் விடலாம், கல்லாலும் அடிக்கலாம். அது அவர்கள் இஷ்டம். நம் வீட்டில் மன்னிப்பு என்றால் என்ன? "சரி சரி, உட்டுத்தள்ளு, சாப்பிட வா." அதோடு முடிந்தது. கஷ்டப்பட்டவளே பெருந்தன்மையாகவும் இருந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் சினாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், சட்னி சிந்தியதையும் சொன்னேன். நான் அப்படி உட்காரலாமா, வெளியூர்க்காரி செய்தால் அது உங்கள் வழக்கத்தை விளையாட்டாக்கியது போல ஆகுமா என்று கேட்டேன். "இதற்கெல்லாம் அது தேவையில்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்தால் என் மகள் தூக்குவாள்" என்றார். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. நானும் அழுதேன்.

அதனால் இதைக் கேட்டுக்கொள். ஏர்போர்ட்டிலிருந்து நீங்கள் வந்து இறங்கும்போது சோசைட்டி கேட்டில் உன் அத்தை ஆரத்தித் தட்டோடு நிற்பாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள், வாட்ச்மேன், செக்ரட்டரி எல்லோரும் இருப்பார்கள். ஆரத்திக்கு முன்னால் நான் அந்தக் கேட்டில் தரையில் உட்காரப்போகிறேன். எனக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், அது வேறு விஷயம். உட்கார்ந்து பாயைத் தலைமேல் போட்டுக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், வீடியோ எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். சினா வந்து தூக்குகிறவரை எழுந்திருக்க மாட்டேன். வேண்டாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

நீ அவளோடு வண்டியிலிருந்து இறங்குவாய். அன்றைக்குச் சிரித்தது நான் இல்லை, நீ. பாய் பெரியது கண்ணு, எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரலாம்.

அம்மா